காலாப்பட்டு நாட்குறிப்பு: ஒரு பாக்கெட்டின் பின்னால்

ஆகஸ்ட் 4, திங்கள்

நெட்வொர்க்ஸ் பேப்பர் இன்று தொடங்கியது. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வேலையை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு லேயர்களையும் மேடம் ஒரே வகுப்பில் முடித்துவிட்டார். பெயர்களை மனப்பாடம் செய்யலாம், சரி. ஆனால் ஒரு பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் ஒரு சின்னத் தரவுத் துண்டை, எடுத்துக்கொண்டு அது எங்கெல்லாம் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கின் ஐபி முகவரிகளைச் சின்னக் குழுக்களாகப் பிரிப்பது. /26 என்ற அளவுள்ள குழுவில் 64 முகவரிகள். நெட்வொர்க்குக்கு ஒன்று, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்டுக்கு ஒன்று போக மீதி 62. கணக்குப் போடப் போடக் கைக்கு வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புதுச்சேரிக் காலாப்பட்டில் உள்ள ஹாஸ்டலில் இருந்து சென்னையில் உள்ள ஒரு சர்வருக்கு பிங் கொடுத்தேன், அதாவது ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். 11 மில்லிசெகண்ட். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னை சுமார் 150 கிலோமீட்டர். போய்வர ஒன்றரை மில்லிசெகண்ட் போதும். மீதி நேரம் எங்கே போனது? கேபிள் சுற்றுவழியில் போயிருக்கலாம், வழியில் பாக்கெட்டுகளைத் திருப்பிவிடும் ரவுட்டர்களின் வரிசையில் பாக்கெட் காத்திருந்திருக்கலாம். அந்த வரிசைதான் இப்போது மண்டைக்குள் ஓடுகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றைய வகுப்பு அந்த வரிசையைப் பற்றியேதான். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே இணைப்பு நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்ததாம். இடைவெளி வெறும் 400 கஜம்! வரிசை நிரம்பி பாக்கெட்டுகள் தொலைய, தொலைந்ததை எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் இறுகியது. அந்த ஆய்வகத்தின் ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். குறைவாக அனுப்பித் தொடங்கு. பதில் வர வர 1, 2, 4, 8 என்று கூட்டு. பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே குறை.

பக்கத்தில் இருந்த கடலூர்த் தோழி, "அப்போ நடுவுல உட்கார்ந்து யாரும் கட்டுப்படுத்தலையாடி?" என்று கேட்டாள். இல்லை. அனுப்புகிற ஒவ்வொரு கணினியும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இவ்வளவு பெரிய இணையம் இந்த நம்பிக்கையில் நிற்கிறது என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை. இந்தப் பேப்பரில் இதைவிட அழகான பகுதி இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

செவ்வாயன்று படித்த கட்டுப்பாடு, தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் டிசிபி என்ற அனுப்பும் முறையினுடையது. திரும்ப அனுப்பாமல் வெறுமனே அனுப்பிவிடும் யூடிபி என்ற முறையில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்படியானால் வேகத்தைக் குறைக்காத ஒருவனுக்கே எல்லா இடமும் போய்விடாதா என்று மேடத்திடம் கேட்டேன். அதனால்தான் யூடிபி மேல் ஓடும் க்விக் என்ற இன்னொரு முறை தனக்கென்று ஒரு நெரிசல் கட்டுப்பாட்டை வைத்திருக்கிறது என்றார். அப்புறம், "லேப்ல நீங்களே பாத்துடுங்களேன்மா" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஒரே லிங்க்கில் டிசிபி-யையும் யூடிபி-யையும் சேர்த்து ஓடவிட்டு, பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்து கிராஃப் போடப் போகிறோம்.