பிஸ்கட் டப்பாவில் முப்பது சொற்கள்

ஜூலை 20, ஞாயிறு

மாசியிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. நோட்டு இழுப்பறையிலேயே கிடக்கிறது. போனில் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் கல்யாணம், காதுகுத்து, யாரோ அனுப்பிய காலை வணக்கம். நானாக நின்று பார்த்து எடுத்தது ஒன்றுகூட இல்லை.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அம்மா கம்பியில் குத்திச் சேர்த்து வைப்பார். மத்தியானம் அதில் எட்டுத் தாள்களை எடுத்து நான்காக வெட்டினேன். துண்டுக்கு ஒரு சொல். பாதி நான் எழுதியது. மீதி அம்மாவிடமும், தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடமும், மாடி வீட்டுப் பாப்பாவிடமும் கேட்டு வாங்கியது. பாப்பா தந்த சொல் ‘மூக்கு’. முப்பது தேறியது. பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

காலையில் ஒரு துண்டு எடுக்க வேண்டும். அன்றைக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு படம், பத்து வரி. படம் போனில்தான். எடுத்த துண்டைத் திரும்ப டப்பாவிலேயே போட வேண்டும். ‘இது வேண்டாம், வேறு’ என்று மாற்றக் கூடாது.

ஜூலை 22, செவ்வாய்

நிழல்.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போனேன். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் பாதிக் கட்டடங்களில் இருப்பது போல இங்கேயும் தூண் கம்பிகள் வெட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மணி 12.20. என் இடுப்புயரக் கம்பி ஒன்றின் நிழல் ஒரு சாணுக்கும் குறைவு. படம் எடுக்கக் குனிந்தபோதுதான் உறைத்தது: நிழல் காவிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே விழுந்திருந்தது.

உச்சி நிழல் வடக்கேதான் விழும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். திருச்சி நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10.8 பாகை வடக்கில் இருக்கிறது. சூரியன் 23.5 பாகை வரை வடக்கே போய்த் திரும்புகிறது. அதனால் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிவெயில் நமக்கு வடக்குப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் தெற்கே சாய்கிறது. போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள், சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதுதான் நிழலில்லா நாள். ஆகஸ்ட் கடைசியில் ஒன்று வருகிறது. அன்றைக்கும் அதே கம்பியின் முன்னால் நிற்க வேண்டும்.

பத்து வரி என்று ஆரம்பித்தது இரண்டு பக்கம் போய்விட்டது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. டப்பாவிலிருந்து வந்தது ‘கை’.

ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஐந்தரைக்கே ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விட்டேன். படியெல்லாம் கூட்டம். எனக்கு இரண்டு படி கீழே ஒருவர், அறுபது வயது இருக்கும், தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார். எள்ளும் நீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்கின. முன்னோருக்கு விடும் நீர் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலைந்து எள் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டன. அடுத்த முறை நீர் வார்த்ததும் அவையும் போயின. கடைசியில் ஒரே ஒரு எள், ஆயுள் ரேகை மேல். அவர் அதைத் தட்டிவிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளிச்சம் கிழக்கிலிருந்து பக்கவாட்டில் வந்து கையின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக் காட்டியது. போனை எடுக்கவில்லை. அவர் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு அதில் பங்கு கிடையாது. படியேறி வந்து, பூக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று ‘கதவு’. இன்றும் ‘கதவு’! துண்டைத் திரும்பப் போடுவது என்று முடிவு செய்ததன் பலன்.

ஒரே சொல்லுக்கு இரண்டாம் நாளும் என்ன எழுதுவது என்று காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்போது கல்லூரியில் படித்த ஐங்குறுநூறு ஞாபகம் வந்தது. அந்த நூலே பத்துப் பத்தாக அமைந்ததுதான். ஓரம்போகியார் எருமையை வைத்துப் பத்துப் பாட்டு, நண்டை வைத்துப் பத்து. கபிலர் கிளிக்குப் பத்து, குரங்குக்குப் பத்து. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வதும் நம் ஊர்ப் பழக்கம்தானே? கையைக் கட்டிப் போட்டால் கண் வேலை செய்யும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சரி, எங்கள் வாசல் கதவுக்கும் ஒரு பத்து என்று இறங்கினேன்.

முதல் நான்கு படங்கள் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியவை: குமிழ், நாதாங்கி, மாவிலைத் தோரணம், படியில் கோலம். ஐந்தாவதற்கு வேறு வழி இல்லாமல் கதவைச் சாத்திவிட்டு உள்பக்கம் பார்த்தேன். சன்னல் வெளிச்சம் மரத்தின் மேல் சாய்வாக விழுந்தபோது கீழ்ப்பாதியில் கீறல்கள் தெரிந்தன. பெயின்டுக்கு அடியில், வரிசை வரிசையாக. சில நீளம், சில பாதி. போனைக் கதவோடு ஒட்டினாற்போல் வைத்து, திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்ததும் ஒவ்வொரு கோடும் பள்ளமாகத் தனித்து நின்றது.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

“உன் பாட்டியோட பால் கணக்குடி இது. பெரிய கோடு ஆழாக்கு, சின்னது பாதி. கரிக்கட்டியால போட்டா யாராவது அழிச்சிடுறாங்கன்னு ஆணியால கீறிட்டாங்க.”

“பாட்டிக்கு எழுதத் தெரியுமா?”

“கையெழுத்துகூட வராது. ஆனா ஒரு நாள் கணக்கு தப்பினதில்ல.”

அம்மா தரையில் உட்கார்ந்து கோடுகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு வரிசையில் ஏழெட்டுக் கோடு அகலத்துக்கு இடைவெளி. “இது நீ பொறந்தப்போ இருக்கும். ஆஸ்பத்திரியில என்கூட இருந்தாங்க” என்றார். அது உறுதிதானா என்று நான் கேட்கவில்லை. அந்த இடைவெளிதான் ஆறாவது படம். அதோடு நிறுத்திக்கொண்டேன், பத்து ஆகவில்லை.

ஜூலை 30, புதன்

மௌனம். ஒன்றும் வரவில்லை. காலி நாற்காலியைப் படம் எடுத்து அழித்தேன்.

டப்பாவைக் கொட்டி மௌனம், அன்பு, காலம் மூன்றையும் வெளியே எடுத்துவிட்டேன். எல்லாம் நான் எழுதிப் போட்டவை. அவற்றுக்குப் பதிலாகத் திருகாணி, ஈரத்துணி, மிச்சம். தொட முடிகிற சொல்லாக இருந்தால்தான் தெருவில் எங்காவது எதிரே வருகிறது. பாப்பாவின் ‘மூக்கு’ அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. துண்டைப் பிரித்தால் ‘மஞ்சள்’.

படித்துறையில் எங்கே திரும்பினாலும் மஞ்சள். கயிறு, கிழங்கு, குங்குமத்துக்குப் பக்கத்தில் கரைத்த மஞ்சள், புடவை, எலுமிச்சைச் சாதம். காதோலை கருகமணியும் காப்பரிசியும் வாழை இலையில் இருக்க, முளைப்பாரியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது படம் எடுத்திருப்பேன், ஒன்றும் நிற்கவில்லை. எல்லாமே மஞ்சளாக இருக்கும் இடத்தில் மஞ்சளை எப்படிக் காட்டுவது?

அலுத்துப்போய்ப் படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள், இடுப்பில் கைக்குழந்தை. கூட யாரும் இல்லை. ஒரு கையால் கயிற்றைக் கழுத்தில் கட்டப் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டாள்.

“அக்கா, இதைக் கொஞ்சம் கட்டிவிடுறீங்களா?”

போனைப் பையில் போட்டேன். கயிறு ஈரமாக இருந்தது. மூன்று முடிச்சு. குழந்தை என் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எழுந்து அவள் குங்குமம் நீட்டினாள், “நீங்களும் வச்சுக்கங்கக்கா” என்று.

பத்து வரிக்குப் பதில் மூன்றரைப் பக்கம். படம் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைய துண்டு இன்னும் பிரிக்கவில்லை. பத்து மணிக்கு ஆபீஸில் லெட்ஜரைத் திறந்து ஜூலைக் கணக்கின் மேல் விரலை வைத்தேன். கட்டைவிரல் நகக்கண்ணில் நேற்றைய மஞ்சள் அப்படியே இருக்கிறது. சன்னலுக்கு நேராகக் கையைத் திருப்பி ஒரு படம் எடுத்தேன். நேற்றைய தேதி போட்டு வைத்துக்கொள்கிறேன்.