டாக்ஸ் கிரெடிட் போய் யுனிவர்சல் கிரெடிட் வந்த கதை

2003 ஏப்ரலில் பிரிட்டனில் தொடங்கிய, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகைகளான சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும் வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட்டும் 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியோடு நின்றுபோயின. லண்டனில் இருக்கும் எங்களுக்கு, அவற்றுக்குப் பதிலாக வந்த மாத உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறச் சொல்லி அதற்கு முந்தைய வருடமே கடிதம் வந்துவிட்டது. விண்ணப்பிக்க மூன்று மாத அவகாசம். கடைசித் தேதியைக் கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

டாக்ஸ் கிரெடிட் வருட வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு. வருடம் முடிந்து, ஜூலை 31-க்குள் புதுப்பித்த பிறகுதான் நமக்கு உண்மையில் எவ்வளவு என்பது உறுதியானது. அரசு வெளியிட்ட புள்ளிவிவரங்கள்கூட இப்படித்தான்: தற்காலிகக் கணக்கு ஒன்று, இறுதிக் கணக்கு ஒன்று. தற்காலிக அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு 'இத்தனை குடும்பங்களுக்கு இவ்வளவு கிடைத்தது' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதங்கள் அதற்கப்புறம்தானே வந்தன!

மாறும்போது வருமானம் குறைந்துவிடாமல் இருக்க ஓர் ஈடுதொகை இருந்தது. கடிதம் வருவதற்கு முன்பே நாமாக விண்ணப்பித்திருந்தால் அது கிடைத்திருக்காது. விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பில் இருந்த டாக்ஸ் கிரெடிட் தொகையை வைத்துத்தான் அதைக் கணக்கிட்டார்கள். அதனால் சம்பளம், வேலை நேரம், நர்சரிக் கட்டணம் எல்லாவற்றையும் முதலில் பழைய கணக்கில் சரிசெய்தோம்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். கணவன், மனைவி இருவரும் தனித்தனியே கணக்குத் தொடங்கி, ஒருவருக்கு வரும் குறியீட்டை மற்றவர் போட்டு இணைக்க வேண்டும். அப்புறம் பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டரில் ஒரு சந்திப்பு. அதெல்லாம் சுலபமாக முடிந்தது.

முதல் பணம் கைக்கு வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். விண்ணப்பித்த நாளோடு டாக்ஸ் கிரெடிட் நின்றுவிட்டது. முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன். பிறகு மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் கேட்கவில்லை, சீட்டுப் பணம் கைகொடுத்தது.

பழக நாளானது யுனிவர்சல் கிரெடிட்டின் மாதக் கணக்குதான். என் கணவருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். அதனால் வருடத்தில் ஒரு கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்துவிடும். சம்பளத்தில் கணக்கில் எடுக்காமல் விடும் கழிவு போக, மிஞ்சும் வருமானத்தில் பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம் யுனிவர்சல் கிரெடிட்டில் வெட்டு. எங்களுக்கு அந்த மாதம் கிட்டத்தட்ட ஒன்றும் வரவில்லை. எந்த மாதம் அப்படி வரும் என்று இப்போது சம்பளத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.

சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட் கிடையாது; டாக்ஸ் கிரெடிட்டில் அந்த வரம்பே இருந்ததில்லை. கடிதம் வந்து மாறியவர்களுக்கு மட்டும் 12 மாதம் விலக்கு இருந்தது. பழைய டாக்ஸ் கிரெடிட் பாக்கி இருந்தால் அதையும் இதிலிருந்துதான் கழிப்பார்கள் என்பதால், கடைசியாக வந்த இறுதிக் கணக்குக் கடிதத்தை ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.