பதினோரு புத்தகம், பாதி நோட்டு

படிக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதி வைப்பது என்று தை மாதம் ஆரம்பித்தேன். பையன் பள்ளிக்கூடத்தில் பத்துப் பக்கம் எழுதிவிட்டுத் தூக்கிப் போட்ட லாங் சைஸ் நோட்டு. இடப்பக்கம் புத்தக விவரம், வலப்பக்கம் என் கருத்து. கதைச் சுருக்கம் ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. ஒரே வகைப் புத்தகம் அடுத்தடுத்து கூடாது. கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க். முதல் நாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, இந்த வயசுல பரீட்சை எழுதற?" என்றாள்.

இப்போது ஆடி. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் பெரும்பாலும் படிப்பது. உட்கார இடம் கிடைத்தால் இருபது பக்கம், கிடைக்காவிட்டால் வேடிக்கை. பதினோரு புத்தகம் முடிந்திருக்கிறது. அந்த மார்க் விஷயம்தான் சொதப்பிவிட்டது.

முதல் புத்தகம் மு.வ.வின் 'அகல் விளக்கு'. 1961-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. அவர் ஊர் வாலாஜா பக்கத்து வேலம். கதை சொல்கிற வேலய்யனும் வாலாஜாக்காரன்தான். பாலாற்றிலிருந்துதான் கதையே தொடங்குகிறது. சின்ன வயதில் அந்த ஆற்று மணலில் கையால் பள்ளம் பறித்து, ஊற்று சுரக்கும் வரை குந்திக் காத்திருந்து, சொம்பால் மொண்டு குடம் நிரப்பியவன் நான். முதலில் கலங்கல் வரும், அதை இறைத்து ஊற்றினால் அப்புறம் கண்ணாடி மாதிரி நீர். இது போதாதா? கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது போட்டேன். ஒரு மாதம் கழித்து நோட்டைத் திருப்பினால் வெட்கமாக இருந்தது. எழுதியதில் முக்கால்வாசி பாலாறு, நாவலைப் பற்றி நாலு வரி. சந்திரன் என்கிற கெட்டிக்காரப் பையன் கொஞ்சம் கொஞ்சமாகச் சீரழிவதை அவர் பொறுமையாகச் சொல்லியிருப்பதையும் எழுதவில்லை, பாத்திரங்கள் பேச வேண்டிய இடத்தில் அறிவுரை வந்து உட்கார்ந்துகொள்வதையும் எழுதவில்லை. இப்போது போட்டால் ஆறு.

அடுத்து சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் எழுதி, 2021-ல் நடப்பதாக அமைத்த கதை. அந்த வருஷம் வந்தும் போய்விட்டதால், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இரண்டு பத்தி போட்டுக் கணக்குப் பார்த்தேன். பிள்ளை பெற அரசாங்க அனுமதி: இல்லை. பேசுகிற இயந்திரம்: உண்டு. இது விமர்சனமா, பஞ்சாங்கம் சரிபார்ப்பதா? ஜீனோ என்கிற இயந்திர நாய் பேசும் பேச்சுக்குத் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரி பார்த்ததுதான் அந்தப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது. அது நோட்டில் ஏறவே இல்லை.

அப்புறம் லாங்கு பஜார் பக்கம் நடைபாதையில் இருபது ரூபாய்க்கு வாங்கிய ஒரு மாத நாவல். கொலைக் கதை. விறுவிறுவென்று போய், இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஹாலில் கூப்பிட்டு உட்கார வைக்கிற இடத்தோடு புத்தகம் நின்றுவிட்டது. கடைசி பாரம், பதினாறு பக்கம், பின் கழன்று எங்கேயோ விழுந்திருக்கிறது. அன்று ராத்திரி தூக்கம் போச்சு. யார் கொன்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதையும், எந்த இடத்தில் எழுத்தாளர் சந்தேகத்தை வேறு ஆள்மீது தள்ளிவிட்டார் என்பதையும் மூன்று பக்கம் எழுதினேன். நோட்டிலேயே உருப்படியான விமர்சனம் அதுதான் என்று மனைவி சொல்கிறாள். முடிவு தெரியாததால் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே பார்க்க வேண்டியிருந்தது.

இமையத்தின் 'செல்லாத பணம்' வந்தபோது மார்க் போடுவதை விட்டுவிட்டேன். தீக்காயத்தோடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ரேவதி, வெளியே காத்திருக்கும் வீட்டார். பக்கம் பக்கமாகப் பேச்சு. எங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதி போர்டு வங்காள மொழியில் இருக்கும்; எங்கிருந்தோ வந்து லாட்ஜ் வாசலில் பிளாஸ்டிக் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் தாண்டிப் போகிறேன். அவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அதுவரை யோசித்ததில்லை. இதற்கு எட்டு என்றும் ஏழரை என்றும் எப்படிப் போடுவது? மூன்று வரி எழுதி, மிச்சப் பக்கத்தை வெறுமையாக விட்டேன்.

நடுவில் ஒரு சமையல் புத்தகம், ஒரு பயணக் கட்டுரைத் தொகுப்பு, ஒரு பங்குச்சந்தைப் புத்தகம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சமையல் புத்தகத்தை மட்டும், சொன்னபடி காரக் குழம்பு வைத்துப் பார்த்தபிறகுதான் விமர்சித்தேன். புளி அதிகம்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது பன்னிரண்டாவது, 'மலைபடுகடாம்'. சங்கப் பாட்டு என்றால் பயம். உரையோடு ஒரு நாளைக்குப் பத்து அடி. மொத்தம் 583 அடி. பாட்டில் வரும் நன்னன் என்கிற மன்னனுடைய செங்கண்மா நம்ம செங்கம்தான். 1989-ல் ஜில்லாவைப் பிரிக்கும் வரை அதுவும் வட ஆற்காடுதானே. இலக்கிய நயம் தேடிக்கொண்டு உட்கார்ந்தபோது ஓடவில்லை. வழி சொல்கிற புத்தகமாக எடுத்துக்கொண்டதும் ஓட ஆரம்பித்தது. நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு ஒருவன் வழி சொல்கிறான்: இந்த இடத்தில் பன்றிக்கு வைத்த கல் பொறி இருக்கும், அந்தப் பக்கம் தினைப்புனம் காப்பவர்கள் கவணில் கல் எறிவார்கள், பார்த்துப் போங்கள். 340 அடி தாண்டியாச்சு. மலையில் கேட்கும் ஓசைகளாக ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அதில் ஒன்று, புலி பாய்ந்து கணவன் மார்பில் ஆன புண் ஆறுவதற்காகக் கொடிச்சியர், அதாவது மலைநாட்டுப் பெண்கள், பாடும் பாட்டு. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இமையத்துக்கு விட்டிருந்த வெற்றுப் பக்கத்துக்குப் போய் ஒரு வரி எழுதினேன்.

நேற்று ராத்திரி அம்மாவுக்கு அந்த வழி சொல்லும் பகுதியைப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, திரும்பி வர வழி சொன்னானா?" என்றாள். இன்னும் இருநூற்றுச் சொச்சம் அடி இருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.