கனாசாவாவில் எனக்குக் கிடைத்த வீடு

ஜப்பானிய மொழி பயில வந்த என்னை, இஷிகாவா மாகாணத்தின் தலைநகரான கனாசாவாவில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் தங்க வைத்திருக்கிறது. நினைவு பசுமையாக இருக்கும்போதே அவர்களைப் பற்றி எழுதிவிட விரும்புகிறேன்.

முதலில் என்னை வியக்க வைத்தது குளியல். தொட்டிக்கு வெளியே சிறிய முக்காலியில் அமர்ந்து, சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து முடித்த பிறகே, ஏறத்தாழ 40 டிகிரி சூட்டில் நிரப்பிய தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதே நீரில்தான் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அமிழ்வார்கள் என்பதால், விருந்தாளியான என்னை முதலில் போகச் சொன்னார்கள்.

ஆனால் என்னை நெகிழ வைத்தது சமையலறைதான். மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் சூப்புக்குப் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல்களை ஊறவைத்து வடித்த சாறே அடிப்படை. நான் சைவம் என்று தெரிந்ததும், அந்த வீட்டு அம்மா கொம்பு என்னும் கடற்பாசித் துண்டையும் உலர்ந்த ஷிடாகே காளான்களையும் இரவிலேயே தண்ணீரில் ஊறப்போடத் தொடங்கினார். காலையில் அதை மிதமான தீயில் காய்ச்சி, கொதி வருவதற்குச் சற்று முன்பே கொம்பை எடுத்துவிடுவார்; கொதிக்கவிட்டால் சாறு வழவழத்துக் கசந்துவிடுமாம். பௌத்த மடங்களின் சைவச் சமையலில் நெடுங்காலமாக உள்ள முறை இது. எனக்காகத் தனிப் பாத்திரம் வைக்காமல், வீட்டார் எல்லோருக்கும் அதையே பரிமாறியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தாத்தா அதிகம் பேசுவதில்லை. மழைக்குப் பேர்போன ஊர் என்பதால், நான் கிளம்பும்போது குடையை மட்டும் மறக்காமல் நினைவூட்டுகிறார்.