சனி ஞாயிறும் பாடம்தான்: மணிலாவுக்குப் பயிற்சிக்குப் போகும் ஐ.எஃப்.எஸ். தம்பி தங்கைகளுக்கு

டெல்லி வகுப்புகள் ஒரு கட்டம் தாண்டியதும் ஐ.எஃப்.எஸ். என்ற இந்திய வெளியுறவுப் பணியின் பயிற்சி அதிகாரிகளை இரண்டு மூன்று பேராகப் பிரித்து, வெளிநாட்டிலுள்ள நம் தூதரகங்களுக்குக் கொஞ்ச காலம் அனுப்புவார்கள். மிஷன் அட்டாச்மென்ட் என்று பெயர். எனக்கும் என் பேட்ச்மேட்டுக்கும் மணிலா கிடைத்தது. அவர் குஜராத்திக்காரர், வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடுகிற சைவம். நான் தஞ்சாவூர்ப் பக்கம், எதையும் யோசிக்காமல் சாப்பிடுகிறவன். பிலிப்பைன்ஸைச் சுற்றிப் பார்க்க இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடி கிடைக்காது.

திங்கள் முதல் வெள்ளி வரை கான்சுலர் (விசா, அங்குள்ள நம்மவர் பிரச்சினைகள்), வணிகம், அரசியல் என்று பிரிவு பிரிவாக உட்காருவீர்கள். அதற்குக் கையேடு உண்டு, சீனியர்கள் உண்டு. நான் சொல்ல வந்தது சனி ஞாயிறைப் பற்றி. திரும்பியதும் டெல்லியில் வாசித்த என் அறிக்கையில் உருப்படியாக இருந்த பத்திகளில் பாதிக்கு மேல் ஊர் சுற்றும்போது கிடைத்தவை. அதற்கு ஒரே நிபந்தனை, வண்டி கேட்காதீர்கள். கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜீப்னியில் ஏறுங்கள்.

ஜீப்னி என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, வண்ணம் பூசி உருவாக்கிய ஷேர் வண்டி. எதிரெதிரே இரண்டு நீள பெஞ்சுகள், பின்பக்கம் வழி. பெரும்பாலும் கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் "பயாட் போ" என்று காசை நீட்டுவார், அது கைமாறி டிரைவருக்குப் போகும், மிச்சம் அதே வழியில் திரும்பி வரும். ஆக, டிரைவருக்குப் பின்னால் உட்காருகிறவர்தான் கண்டக்டர். வணிகக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து நேராக வந்த என் பேட்ச்மேட் கோட், டையோடு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். அரசுப் பணியில் அவர் கையாண்ட முதல் பொது நிதி அதுதான். ஒரு பைசா குறையாமல் கணக்கை ஒப்படைத்தார். நடுவில் ஓர் அம்மா சில்லறை சரியாக வரவில்லை என்று அவரிடமே முறையிட்டார், அதையும் விசாரித்துத் தீர்த்தார். இறங்கும்போது "பாரா போ" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நம் வழக்கப்படி மரியாதையாக முனகினால் இரண்டு தெரு தாண்டித்தான் நிற்கும்.

டிவிசோரியா சந்தைக்குப் போனால் இன்னொரு அனுபவம் காத்திருக்கும். எங்களைப் பார்த்ததும் பழக்கடைக்காரப் பெண் ஒருவர், கேட்காமலேயே, இந்த வாரத் தவணையைக் கட்டியாகிவிட்டது என்றார். அங்கே மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போய்ச் சிறுகடன் கொடுப்பவர்களில் நம் பஞ்சாபிகள் நிறைய. ஐந்து வாங்கினால் ஆறு கட்ட வேண்டும், அதனால் தொழிலுக்கே 'ஃபைவ் சிக்ஸ்' என்றுதான் பெயர். அடம்பிடிக்கும் பிள்ளையை இந்தியர் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயமுறுத்துவதும் அங்கே பழைய வழக்கம். பூச்சாண்டி வேலைக்குப் பரீட்சை எழுதியா வந்தோம் என்று பேட்ச்மேட் நொந்துகொண்டார்.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. வங்கி எட்டிக்கூடப் பார்க்காத சிறு வியாபாரிக்கு ஜாமீன் கேட்காமல் கடன் தருகிறவர் இவர்தான். கையில் பணத்தோடு அலைவதால் வழிப்பறிக்கும் கொலைக்கும் ஆளாகிறவரும் இவர்தான். அப்போது விஷயம் நம் கான்சுலர் பிரிவுக்கு வரும். 2017இல் அன்றைய அதிபர் துதெர்தேயின் அரசு, இந்தக் கடனுக்கு மாற்றாக 'பி3' என்ற சிறுகடன் திட்டத்தையே கொண்டுவந்தது. 'பிலிப்பைன்ஸில் இந்திய வம்சாவளியினர்' என்று தலைப்புக் கொடுத்தால் எல்லோரும் எண்ணிக்கையில் தொடங்குவார்கள். நீங்கள் பழக்கடையில் தொடங்கலாம்.

மணிலாவுக்குள் இன்ட்ராமுரோஸ் கோட்டையை எல்லோரும் காட்டுவார்கள். 1607இல் கட்டி முடித்த சான் அகஸ்டின் தேவாலயம், பிலிப்பைன்ஸின் தேசிய நாயகன் ஹோசே ரிசால் சிறையிருந்த சான்டியாகோ கோட்டை எல்லாம் அங்கேதான். 1896 டிசம்பர் 30 அன்று அவர் கொலைக்களத்துக்கு நடந்துபோன வழியைப் பாதச்சுவடுகளாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அதைப் பற்றி எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்லிவிடும். நீங்கள் அப்படியே கைன்டாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

1762இல் ஆங்கிலேயர்கள் மணிலாவைப் பிடிக்கக் கப்பல் ஏறியது நம் மதராஸிலிருந்து. படையில் நம் ஊர்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர்கள் கிளம்பியபோது சிப்பாய்கள் சிலர் கிளம்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்டாவில் குடும்பமாகி அங்கேயே தங்கிவிட்டார்கள். நாங்கள் போய் விசாரித்தபோது, பெட்டிக்கடைப் பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின் தெரு வீடு ஒன்றைக் காட்டி அந்த வீட்டுப் பையன்தானே என்று கேட்டார். பேட்ச்மேட்டுக்கு ஒரே பொறாமை. குஜராத்திலிருந்து யாரும் படையெடுத்து வரவில்லையே என்று.

செபுவுக்குப் போனால் மக்டான் தீவு. பயிற்சி அதிகாரிக்கு இதைவிட நல்ல வகுப்பறை இல்லை. 1521இல் ஸ்பெயினுக்காகக் கப்பலேறி வந்து செபுவில் இறங்கிய மகெல்லனுக்கு அங்கே ராஜா ஹுமாபோன் நண்பரானார். பக்கத்துத் தீவின் தலைவர் லாபு-லாபு பணிய மறுத்தார். நண்பரின் பங்காளித் தகராறில் மகெல்லன் நேரடியாக இறங்கினார். ஹுமாபோன் ஆட்களைத் தருகிறேன் என்றதற்கு, நீங்கள் படகிலிருந்து வேடிக்கை பாருங்கள் போதும் என்றார். கரையோரம் ஆழமில்லை, கப்பல்கள் நெருங்க முடியவில்லை, பீரங்கி எட்டவில்லை. ஏப்ரல் 27 அன்று தண்ணீருக்குள்ளேயே கதை முடிந்தது. வந்து சில வாரங்களில் உள்ளூர்ச் சண்டையில் ஒரு பக்கம் சாய்ந்தது, நண்பரின் உதவியை வேண்டாம் என்றது, கள நிலவரம் பார்க்காதது என்று நம் பாடத்திட்டத்தில் கூடாது என்று சொல்லும் எல்லாவற்றையும் ஒரே காலைப்பொழுதில் செய்து காட்டியவர். இன்று அங்கே ஒரே பூங்காவில் லாபு-லாபுவுக்குச் சிலை, மகெல்லனுக்கு நினைவுத்தூண். பக்கத்திலேயே மீனைச் சுட்டும், குழம்பாக்கியும், வினிகரில் ஊறவைத்துப் பச்சையாகவும் தருகிற கடைகள். நான் மூன்றையும் முடிக்கும்வரை பேட்ச்மேட் வெறும் சோற்றையும் வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு மகெல்லனைப் போலவே தனித்துவிடப்பட்டிருந்தார்.

போஹோல் தீவின் சாக்லேட் குன்றுகளுக்கு மழைக்காலத்தில் போகாதீர்கள், எல்லாம் பச்சையாக இருக்கும். புல் காய்ந்து பழுப்பாவது கோடையில்தான். அங்கே டார்சியர் என்ற கையகலப் பிராணியைப் பார்க்கலாம், நம் ஆளுமைத் தேர்வு வாரியத் தலைவர் மாதிரி இமைக்காமல் பார்க்கும். சத்தம் போட்டால் அதற்கு ஆகாது, தொடவும் கூடாது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். மணிலாவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் லோஸ் பான்யோஸ். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1960இல் தொடங்கியது இங்கேதான். சுற்றுலாவா என்று பேட்ச்மேட் முகம் சுளித்தார். ஊரிலிருந்து அப்பா போனில் கேட்ட ஒரே இடம் இதுதான். "ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது எல்லாம் அங்கதானடா பொறந்துச்சு?" என்றார். ஆமாம் அப்பா என்றேன். "எட்டு நல்லா வெளைஞ்சுது, சோறு ஆறுனா வெறைச்சுப்போகும்னு அவங்ககிட்ட சொல்லு" என்றார். அறுபது ஆண்டு தாமதமான அந்த நுகர்வோர் புகாரை அங்கிருந்த விஞ்ஞானி ஒருவரிடம் முறைப்படி சேர்ப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை, அமைலோஸ் என்ற மாவுச்சத்தின் அளவு அதிகம் என்று பொறுமையாக விளக்கினார்.

இந்தோனேசியாவின் உயர நெல்லையும் தைவானின் குட்டை நெல்லையும் கலந்து உண்டாக்கி, 1966இல் வெளியிட்ட ரகம் ஐ.ஆர்.8. உரம் போட்டாலும் சாயாது என்பதுதான் அதன் பலம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை இந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநர். உலகின் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இங்கே குளிரில் உறங்குகின்றன. இவ்வளவும் இருக்கிற நாடுதான் இன்று உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. நாம் 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டோம். அப்புறம் அக்டோபரில் பிலிப்பைன்ஸுக்கென்று 2,95,000 டன் அனுமதித்தோம். சந்தையில் அரிசிக் கடை விலைப்பலகையைப் பார்த்துவிட்டு இந்த அறிவிக்கையைப் படித்தால், ஒரு கையெழுத்தின் எடை புரியும். டெல்லியில் நான் அறிக்கை வாசித்தபோது அதிகம் கேள்வி வந்தது பிரம்மோஸ் ஏவுகணை பற்றிய பகுதியில் இல்லை, இந்தப் பகுதியில்தான்.

பனாவே மலைப் படிக்கட்டு வயல்களுக்கு இரவு பஸ். மலைக்குளிரைப் பற்றி எச்சரிப்பார்கள், பஸ் ஏசியைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். கம்பளி கைப்பையில் இருக்கட்டும். யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது பனாவே காட்சிமுனை இல்லை, படாட் போன்ற ஊர்களின் வயல்கள். ஆகவே படாட் வரை இறங்கி நடங்கள். ஏறும்போது பேச்சு வராது, அதனால் சண்டையும் வராது. ஜூன் முதல் டிசம்பர் வரை என்றால் கிளம்பும் முன் புயல் சிக்னலைப் பாருங்கள், 1 முதல் 5 வரை எண் சொல்வார்கள். ஞாயிறு இரவு தீவில் மாட்டிக்கொண்டால் திங்கள் காலை விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அடுத்து மணிலா போகிற இருவர் என்னை அழைத்தார்கள். தென் சீனக் கடல், அதில் சீனாவுக்கு எதிராக வந்த 2016 தீர்ப்பு என்றெல்லாம் கேட்பார்கள் என்று தயாராக இருந்தேன். முதல் கேள்வியே சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதுதான். அதனால் பேட்ச்மேட் சொன்னதை அப்படியே தருகிறேன். காய்கறிக் கூட்டு என்று கொண்டுவருவதில் பகூங் என்ற இறால் விழுது இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும், கோழி வேண்டாம் என்றால் மீன் வரும், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பாசிப்பயறுக் குழம்பு கிடைக்கும், அதிலும் இதே விசாரணை அவசியம். காலையில் தெருவில் "தஹோ" என்று நீட்டிக் கூவிக்கொண்டு ஒருவர் இரண்டு பாத்திரங்களைத் தோளில் சுமந்து வருவார். இளஞ்சூடான சோயாத் தயிர், மேலே ஜவ்வரிசியும் வெல்லப் பாகும். அவரிடம் மட்டும் ஒன்றும் கேட்க வேண்டாம், டம்ளரோடு போய் நின்றால் போதும்.