கல்விசார் சுதந்திரம்: தமிழ்மொழி மூலம் அரசியலமைப்புச் சட்டப் பரீட்சை எழுதுவோர் கவனத்துக்கு

இலங்கையின் 1978 அரசியலமைப்பில் ‘கல்விசார் சுதந்திரம்’ (பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் ஆராயவும் உள்ள சுதந்திரம்) என்ற சொற்றொடர் எங்கும் இல்லை. விடையின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள். தென்னாபிரிக்க அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அதைப் பெயர் சொல்லியே தருகிறது. நமக்கு அந்த வசதி இல்லாததால் 10 (சிந்தனைச் சுதந்திரம்), 12(1) (சமத்துவம்), 14(1)(அ) (பேச்சு, கருத்து வெளிப்பாடு) ஆகிய மூன்று உறுப்புரைகளையும் கோத்துத்தான் வாதத்தைக் கட்ட வேண்டும்.

பலர் சறுக்குவது இதற்கும் முந்திய இடத்தில். பேச்சுச் சுதந்திரத்தையும் கல்விசார் சுதந்திரத்தையும் ஒன்றென்று நினைத்து, ஒரே பந்தியில் கரைத்துவிடுகிறார்கள். காலிமுகத்திடலில் நின்று பேசும் பிரஜை தப்பாகவும் பேசலாம். அவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை. விரிவுரை மண்டபத்தில் பேசுபவருக்குத் துறையின் தராதரம் உண்டு. பூமி தட்டையென்று புவியியல் விரிவுரையாளர் கற்பித்தால் பீடச்சபை கேள்வி கேட்கலாம். அவரே அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை முகநூலில் எழுதினால், அது பாடம் சார்ந்த விடயமல்ல, நேரே 14(1)(அ). வினாவில் வரும் பேச்சு எங்கே, எந்த நிலையில் நின்று பேசப்பட்டது என்று முதலில் அடிக்கோடிடுங்கள்.

அடுத்தது ‘யார்’ என்ற கேள்வி. 14ஆம் உறுப்புரை பிரஜைகளுக்கு மட்டும். 10உம் 12(1)உம் எல்லா ஆட்களுக்கும் உரியவை. வினாவில் வெளிநாட்டு வருகை விரிவுரையாளர் ஒருவர் தலைகாட்டினால் அது தற்செயலல்ல, பொறி.

மட்டுப்பாடுகளில்தான் புள்ளி கொட்டிக் கிடக்கிறது. 15(2) இன, மத இசைவு, பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, தவறொன்றுக்குத் தூண்டுதல் ஆகியவற்றைச் சொல்கிறது. 15(7) தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவற்றைச் சேர்க்கிறது. இரண்டிலும் மட்டுப்பாடு ‘சட்டத்தினால்’ விதிக்கப்பட வேண்டும். 170ஆம் உறுப்புரையின் பொருள்கோடலில் சட்டம் என்றால் பாராளுமன்றச் சட்டம், அல்லது முன்னைய சட்டவாக்க மன்றங்கள் ஆக்கியது. இவ்விரண்டில், பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளைச் சேர்த்துக்கொள்வது 15(7) மட்டுமே. ஆகவே ‘ஊடகங்களுக்குக் கருத்துச் சொல்லக் கூடாது’ என்று துணைவேந்தர் ஒரு சுற்றறிக்கை விட்டால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நிற்கிறது என்று கேளுங்கள். நிற்க இடமில்லையென்றால் வாதத்தின் பாதி முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழில் தேடினால் கைக்கு வருவது பெரும்பாலும் இந்தியக் குறிப்புகள். ‘நியாயமான மட்டுப்பாடு’ என்பது இந்திய அரசியலமைப்பின் 19(2)இல் உள்ள சொல். எங்கள் 15இல் அது இல்லை. அங்கே ‘உயர் நீதிமன்றம்’ மாநில மட்டத்து நீதிமன்றம், இங்கே அதுவே நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். விடைத்தாளில் ‘உச்ச நீதிமன்றம்’ என்று எழுதினால் எங்கிருந்து பார்த்து எழுதியது என்பது திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வழக்குகள் மூன்று போதும். ஜோசப் பெரேரா வழக்கு (1987): துண்டுப்பிரசுரத்துக்குப் பொலிஸ் முன்னனுமதி கேட்ட அவசரகால ஒழுங்குவிதி செல்லாதெனத் தீர்க்கப்பட்டது. அமரதுங்க எதிர் சிறிமால் (1993): ‘ஜன கோஷா’ போராட்டத்தில் மேளமடித்து ஒலியெழுப்பியதும் கருத்து வெளிப்பாடே, மாணவர் ஆர்ப்பாட்ட வினாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் (1996): முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியது, அதில் பங்குபற்றிய நேயரின் 14(1)(அ) உரிமையை மீறியது. கல்வியோடு நேரடித் தொடர்புள்ளது இதுவே, ஆனாலும் அதிகம் பேர் எழுதுவதில்லை. வெறுமனே கேட்கும் உரிமைக்கும் பங்குபற்றும் உரிமைக்கும் நீதிமன்றம் போட்ட வேறுபாட்டை இரண்டு வரியில் சொல்லுங்கள்.

பரிகாரம்: உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்ய 126ஆம் உறுப்புரை, ஒரு மாத காலம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் எடுக்கப்படாது (1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). ஆனால் 126 ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயல்களுக்கு மட்டுமே. கொழும்பில் பட்டம் தரும் தனியார் கம்பஸ்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே நடந்ததற்கு ஒப்பந்தச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சர்வதேசச் சட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிடாதீர்கள். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 15(3), அதன் குழுவின் 13ஆம் பொதுக் கருத்துரையில் 38 முதல் 40 வரையான பந்திகள், யுனெஸ்கோவின் 1997 பரிந்துரை. இலங்கை 1980இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. உள்நாட்டுச் சட்டமின்றி இத்தகைய உடன்படிக்கைகள் நேரடியாக வலுப்பெறா என்பதற்கு சிங்கராசா வழக்கு (2006).

மூன்று மணித்தியாலத்துக்கு ஐந்து வினாவென்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். அதில் 15 நிமிடத்தை மட்டுப்பாடுகளுக்கு ஒதுக்குங்கள். வரைவிலக்கணத்துக்கு நான்கு நிமிடம் தாராளம்.