கை நீட்டுவதற்குள்

இன்று விடியற்காலை காசிமேட்டில், மீன் ஏல விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறி, எண்ணூர்ப் பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு சரிந்தது. "அண்ணே, அங்க பாருங்க" என்று பக்கத்திலிருந்த பையன் கை நீட்டி முடிப்பதற்குள் மறைந்தும் போயிற்று.

வால்நட்சத்திரமாயின் அவனுக்கு அந்த அவசரமே இருந்திருக்காது. பனியும் தூசியும் இறுகிய அவ்வுருண்டை, சூரியனை நெருங்குகையில் ஆவியாகி வால் விரித்து, வாரக்கணக்கில் தெரியும்.

இதுவோ எரிகல். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி எரிந்த சிறு துகள்.

எரிகல் பொழிவுகளில் பெரும்பாலானவை வால்நட்சத்திரங்கள் சிந்திய தூசியால் வருபவை என்றாலும், டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் பொழிவுக்கு மூலமாயிருப்பது, 1983-இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள். சிறுகோள்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் பாறைகள். ஃபேத்தானோ புதனைவிடவும் சூரியனை நெருங்கிச் செல்கிறது. பாறையிலிருந்து இவ்வளவு தூசி எப்படி உதிர்ந்தது என்பதில்தான் அறிவியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.